பேரேடும் பச்சைப் புள்ளியும்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவின் வங்கிக் கிளைகளில் கூட்டம் சேரும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் இப்போது நேராக விவசாயியின் கணக்கில் ஏறுகிறது. அதை எடுத்துத்தான் அறுப்பு எந்திர வாடகையையும் உரக்கடை பாக்கியையும் தீர்க்க வேண்டும். அப்படி ஒரு முற்பகலில் கவுன்டரில் இருப்பவர் தலையைத் தூக்கி "சர்வர் டவுன்" என்கிறார். எப்போது வரும் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே கவுன்டரில் வேலை நின்றால், ஏன் நின்றது என்பது வரிசையில் நிற்கிறவர்களுக்கே தெரியும்: பேரேடு வேறொரு மேசைக்குப் போயிருக்கிறது, அல்லது கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருக்கிறார். இன்று வேலை நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. நின்றால் மட்டும், காரணம் தெரிந்தவர் கிளையில் இல்லை. வேறோர் ஊரில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடமாற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. கும்பகோணம் வங்கி 1904 அக்டோபரில் பதிவானது. கால் நூற்றாண்டு ஒரே அலுவலகத்தோடு இருந்துவிட்டு, 1930 ஜனவரியில்தான் மன்னார்குடியில் முதல் கிளையைத் திறந்தது. கிளைத் தலைவரை ஏஜென்ட் என்று சொன்ன காலம் அது. மன்னார்குடியில் நடப்பது கும்பகோணத்துக்குத் தெரிய அன்றைக்கு இருந்த வழிகள் சில: தபாலில் போகும் கணக்குத்தாள், அவசரமென்றால் தந்தி, சொல்லாமல் வந்து இறங்கும் இன்ஸ்பெக்டர். செய்தி போய்ச் சேரும்போது பழையதாகியிருக்கும். ஆனால் ஒவ்வொரு செய்தியும் ஒருவர் கண்ணால் பார்த்து, கையால் எழுதி, கீழே கையெழுத்திட்டது. தவறென்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். அதே வங்கிக்கு, 1987-இல் சிட்டி யூனியன் வங்கி என்று பெயர் மாறிய பிறகு வளர்ந்து வளர்ந்து, இன்று எண்ணூறைத் தாண்டிய கிளைகள். இன்றைய வங்கிகளில் ஒரு கிளையின் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மென்பொருள் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. கையெழுத்து யாருடையதும் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் இருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் சுவையான காலம். 1984-இல் வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரிசர்வ் வங்கியின் ரங்கராஜன் குழு அறிக்கை தந்த பிறகு, கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் எந்திரங்களும் பின்னால் கணினிகளும் வந்தன. கண்ணாடி அறை கட்டி ஏசி போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கிளையும் தனித் தீவு. அன்றன்றைய கணக்கை ஃப்ளாப்பியிலோ டேப்பிலோ நகலெடுத்து வெளியே பத்திரப்படுத்துவார்கள். எந்திரத்தின் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ள மென்பொருள் என்று ஒன்றும் கிடையாது. காதும் மூக்கும் கையும்தான்.

டெல்டாவில் அதற்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றுவட்டாரத்து பம்புசெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும், வோல்டேஜ் இறங்கும், ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் "போட்ட வரைக்கும் சேவ் பண்ணிடுங்க சார்" என்று குரல் கொடுக்கத் தெரிந்த ஒருவர் கிளையில் இருப்பார். பெரும்பாலும் அவர் அதிகாரியாக இருக்க மாட்டார், அட்டெண்டராக இருப்பார். யூபிஎஸ் அறையில் வரிசையாக நின்ற பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அவர் வேலை. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைத் துடைத்து வாசலின் தடவுவார். சித்திரை வெயிலில் கொல்லைப்புறத்து எர்த் குழி காய்ந்துவிடக் கூடாது என்று ஒரு குடம் தண்ணீரை அதில் கொட்டுவார். கரியும் உப்பும் போட்டு மூடிய அந்தக் குழி ஈரமாக இருந்தால்தான் உள்ளே கணினி ஒழுங்காக இருக்கும் என்பதை அவருக்கு எந்தக் கையேடும் சொல்லித் தந்ததில்லை. அறுவடைக்குப் பின் எலிகள் வயலை விட்டுக் கட்டடங்களுக்குள் வரும் என்பதும், வந்தால் முதலில் கேபிளைத்தான் கடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் விடுப்பில் போனால் இந்த அறிவும் விடுப்பில் போகும். மாற்றலாகிப் போனால் போனதுதான். அந்த ஏற்பாட்டின் பலவீனம் அதுதான். அதை மறைத்துப் பழமையைப் பாராட்டுவதில் நியாயமில்லை.

புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கிளைக் கணக்குகள் எல்லாம் ஒரே மையக் கணினிக்குப் போயின. தீவுகள் இணைந்தன, இணைப்பு அறுந்தால் கிளையே இல்லை என்ற நிலை வந்தது. அப்போதுதான் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்வது கட்டாயமாயிற்று. அதற்கான கருவிகள் முன்பே தயாராக இருந்தன. 1983-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்ற சிறு நிரல் ஒரு கணினியைப் பார்த்து "இருக்கிறாயா?" என்று மட்டும் கேட்கும், பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளும். 1988-இல் வந்த எஸ்என்எம்பி என்ற நெறிமுறை இன்னும் நெருங்கிக் கேட்டது: எவ்வளவு சூடாக இருக்கிறாய், வட்டு எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, எந்த வாயிலில் எவ்வளவு போக்குவரத்து. அதன் மேல்தான் இன்றைய கண்காணிப்பு மென்பொருள் பெரும்பாலும் எழுந்து நிற்கிறது. திரையில் ஒவ்வொரு கிளையும் ஒரு பச்சைப் புள்ளி. வட்டு 80 சதவீதத்தைத் தாண்டினால் மஞ்சள், 90-ஐத் தாண்டினால் சிவப்பு. எல்லையை வைப்பவர் நிர்வாகி. மேட்டூர் நீர்மட்டத்தைக் காலைப் பத்திரிகையில் பார்த்து, 90 அடிக்குக் கீழே இருந்தால் ஒரு கணக்கும் 120 அடி நிரம்பினால் வேறொரு கணக்கும் போடுகிற டெல்டாக்காரருக்கு இந்த முறை ஒன்றும் அந்நியமில்லை.

இதில் ஓர் உள்ளூர்த் தொடர்பும் உண்டு. மிருதங்க மேதை சிவராமனால் பெயர் பெற்ற உமையாள்புரம்தான் ஸ்ரீதர் வேம்புவின் குடும்பத்துக்கும் சொந்த ஊர். அவரும் சகோதரர்களும் டோனி தாமசும் சேர்ந்து 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட், வலைப்பின்னல் கருவிகளை உருவாக்கும் கம்பெனிகளுக்கு எஸ்என்எம்பி மென்பொருள் விற்றுப் பிழைத்தது. 2000-ஐ ஒட்டிய டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் பலர் காணாமல் போனார்கள். அதன் பிறகுதான், 2002 வாக்கில், சாதாரண நிறுவனங்களின் ஐடி துறைக்கே நேராக விற்கும் மேனேஜ்என்ஜின் பிறந்தது. எச்பி, ஐபிஎம் போன்ற பெரிய கம்பெனிகளின் கண்காணிப்பு மென்பொருளுக்குக் கொடுக்கும் விலையை நினைத்துப் பார்க்கவும் முடியாத ஆலைகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அதை வாங்கின. அட்வென்ட்நெட்டுக்கு 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறியது. மின்னஞ்சலுக்காகவே ஜோஹோவை அறிந்தவர்கள், அது முதலில் சம்பாதித்தது எந்திரங்களைக் கண்காணித்து என்பதைக் கவனிப்பதில்லை.

கண்காணிப்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை 2018-ஆம் ஆண்டு இரண்டு விதமாகக் காட்டியது. பிப்ரவரி 6 அன்று, சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணப்பரிமாற்றச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள் மூன்று பணப்பரிமாற்றங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்: துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். அனுப்பியவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் இங்கே முக்கியம். ஸ்விஃப்ட் ஒப்புகைகளை அச்சிடும் பிரிண்டரை முடக்கிவிட்டார்கள். காகிதம் வரவில்லை; சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் திருடு போனபோதும் இதே போலப் பிரிண்டர்தான் ஊமையானது. அங்கேயும் வழக்கமான பழுது என்றுதான் நினைத்தார்கள்.

மறுநாள், பிப்ரவரி 7 அன்று, வழக்கமான ரீகன்சிலியேஷனில் விஷயம் வெளிப்பட்டது. நம் கணக்கில் நாம் அனுப்பியவை இவை, அந்தப் பக்கத்து வங்கியின் கணக்கில் வந்தவை இவை என்று இரண்டையும் ஒத்துப் பார்ப்பதுதான் அது. பேரேட்டுக் காலத்திலிருந்து வரும் பழக்கம். துபாய்க்குப் போனது நடுவிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது, துருக்கிக்குப் போனது அங்கே முடக்கப்பட்டது, சீனாவுக்குப் போனதுதான் கைமாறியிருந்தது. வங்கதேசத்திலும், இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் பிடிபட்டது பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால். சர்வர் ஓடுகிறதா, இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்கிற திரைக்கு இத்தகைய நாளில் எல்லாம் பச்சைதான். அது தனக்குச் சொல்லப்பட்ட கேள்விகளைக் கேட்டது. சரியான பதில் வந்தது. அச்சிட்ட தாளின் எண்ணிக்கையை யாரும் அதனிடம் கேட்கச் சொல்லவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இம்முறை மௌனம் இல்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று வட்டாரமே சிவப்பு. இப்படிப்பட்ட நேரத்தில் அபாய அறிவிப்பால் பெரிய பயன் இல்லை. நூறு கருவிகள் ஒரே காரணத்தால் விழுந்தால் நூறு அறிவிப்பு வராமல் ஒன்றே வரும்படி நல்ல மென்பொருள் சுருக்கித் தரும். அது உண்மையான முன்னேற்றம். ஆனால் அறுந்தது கம்பியா, தென்னை விழுந்து நொறுங்கியது கூரையா, அல்லது எல்லாம் சரியாக இருந்து செல்போன் கோபுரத்தின் ஜெனரேட்டரில் டீசல் மட்டும் தீர்ந்ததா என்பதை அறிய ஒருவர் மரங்களைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. சில இடங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. அத்தனை நாளும் திரை சொன்னது முதல் நாளே தெரிந்த செய்தியைத்தான்.

பார்த்துக்கொள்ளும் மென்பொருளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி பின்னால் வந்தது. 2020 டிசம்பரில், சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே உளவு நிரல் புகுந்திருந்தது தெரியவந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டை வாங்கியிருந்தார்கள். எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவனைப் பிடித்தால் போதும் என்று திருடனுக்குத் தெரியாதா. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்புக் கம்பெனியின் ஒரு தவறான அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. அங்கே திருடனே தேவைப்படவில்லை.

விதிகளும் மாறின. ஒரு காலத்தில் ஒவ்வொரு கிளைக்கும் அதன் சுவர்க் கடிகாரமே நேரம். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு, எல்லாக் கணினிகளின் கடிகாரமும் அரசின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும், சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வங்கிப் பேரேடுகளை 8 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது 1985-ஆம் ஆண்டு விதி. இரண்டும் ஒன்றல்ல, ஒப்பிடுவது முழு நியாயமும் அல்ல. இருந்தாலும் ஒன்று உண்டு: பேரேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி யாரும் படித்துவிடலாம், ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் சேரும் லாக் வரிகளைப் படிக்க இன்னொரு மென்பொருள் வேண்டும்.

தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் டைடல் நியோ ஐடி பூங்கா திறந்தது. 55,000 சதுர அடி. திரையில் கண்காணிக்கும் இப்படிப்பட்ட வேலை இனி ஊரை விட்டுப் போகாமலே கிடைக்கலாம் என்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் எதிர்பார்க்கிறார்கள், எதிர்பார்ப்பதில் தவறில்லை. அன்றைய அட்டெண்டரின் பையனோ பெண்ணோ எங்கோ ஓர் இரவுப் பணியில் நூறு கிளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். தகப்பனுக்கு ஒரு கட்டடம் தெரிந்திருந்தது. பிள்ளைக்கு நூறு கட்டடங்களின் வெப்பநிலை தெரியும், அவற்றில் ஒன்றின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. சம்பளம் கூடுதல், தூக்கம் குறைவு.

கிளையில் இப்போது இருப்பவை சீல் செய்த பேட்டரிகள். அவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம், வாசலின் வேண்டாம். வலு குறைந்தால் அவையே மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் உண்டு, சில ஆண்டில் மாற்றிவிட வேண்டியதுதான். எர்த் குழி மட்டும் கோடைக்குக் கோடை இன்னும் தண்ணீர் கேட்கிறது. அதற்கு ஐபி முகவரி கிடையாது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைச் சேர்க்க யாருக்காவது நினைவு வந்திருந்தால் ஊற்றுவார்கள்.