அம்பத்தூர் ஏன் அகப்படவில்லை?

2019-இல் ஆவடி மாநகராட்சி ஆனது. அந்த வட்டாரத்தில் பத்திரம் எழுதுபவர்களுக்கும், மனு அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைகளுக்கும், குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதனால் ஒரு சில்லறை வேலை கூடியது. கணினியில் கிடக்கும் பழைய கோப்புகளில் ‘நகராட்சி’யை எல்லாம் ‘மாநகராட்சி’ ஆக்க வேண்டும். வேர்டில் கண்ட்ரோலும் எச்சும் அழுத்தி, மொத்தமாக மாற்று என்று சொன்னால் ஒரு நொடி வேலை. ஆனால் ஏற்கெனவே ‘சென்னை மாநகராட்சி’ என்று இருந்த இடங்கள் அந்த நொடியில் ‘சென்னை மாமாநகராட்சி’ ஆகிவிடும்.

இது தேடல் அளவுக்கு மீறிக் கண்டுபிடிக்கும் கோளாறு. கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்முன்னே இருக்கும் சொல்லை ‘இல்லை’ என்று கணினி சாதிக்கும் கோளாறுதான் ஆபத்தானது. பத்துப் பக்கக் கோப்பு என்றால் படித்துப் பார்த்துப் பிடித்துவிடலாம். இருநூறு பக்கத்தில் எது விடுபட்டது என்று யாருக்குத் தெரியும்?

‘அம்பத்தூர்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். நாம் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறோம். கணினி அதற்குள் இருக்கும் எண்களைப் பார்க்கிறது. யூனிகோட் முறைப்படி ‘தூ’ என்பது இரண்டு குறியீடுகள்: த, அதன்மேல் ஊகாரக் குறி. ஆனால் பார்வைக்கு அது ‘து’வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டது போலத்தானே இருக்கிறது? பழைய எழுத்துருக்கள் பலவற்றில் அப்படித்தான் ‘து’ வடிவத்தோடு தனி வால் ஒன்றை ஒட்டித் ‘தூ’ ஆக்கினார்கள். அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது வால் துணைக்காலாக மாறி, த, உகாரக் குறி, கால் என்று மூன்று குறியீடுகள் வந்துவிடுகின்றன. ‘அம்பத்துார்’, ‘நுால்’, ‘துாய்மை’ என்று செய்தித் தளங்களில் இன்றும் பார்க்கலாம். சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. சரியாக எழுதப்பட்ட ‘அம்பத்தூர்’ என்று தேடினால் கால் ஒட்டிய ‘அம்பத்துார்’ ஒன்றுகூடச் சிக்காது.

சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. வேர்டில் ‘தூ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். ‘த’ மிஞ்சினால் எழுத்து சரியானது. ‘து’ மிஞ்சினால் கால் ஒட்டிய கோளாறு. பார்த்ததும் கண்ட்ரோல் இசட் போட்டுப் பழையபடி ஆக்கிவிடுங்கள். ‘துா’ என்ற சேர்க்கை தமிழில் முறைப்படி எங்குமே வராது என்பதால் அதை மொத்தமாகத் ‘தூ’ என்று மாற்றலாம். இந்த மாற்றத்தில் மட்டும் மாமா தொல்லை இல்லை.

பக்கத்திலிருக்கும் கொரட்டூருக்கு வேறு சிக்கல். ‘கொ’வின் ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனி எண் உண்டு, கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி. எல்லா மென்பொருளும் தேடும்போது அந்த விதியை மதிப்பதில்லை. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போனால் இன்னும் மோசம். ‘ஸ்ரீ’யை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு எழுத்தை வைத்தும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். கடைசியில் ‘தூ’ வேறு நிற்கிறது!

2000-க்கு முன்னும் பின்னும் அடித்த கோப்புகள் தனி உலகம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகள் வந்தன. 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அதில் சிறிய ஆங்கில எழுத்து எஃப் என்றால் ‘க’, பெரிய எஃப் என்றால் ‘கு’. வேர்டின் தேடல் வழக்கமாகச் சிறிது பெரிது பார்ப்பதில்லை. ஆகவே ‘கடை’யைத் தேடினால் ‘குடை’யும் வந்து நிற்கும். ‘மேட்ச் கேஸ்’ கட்டத்தில் டிக் போட்டால் இது நின்றுவிடும். ஆனாலும் அடிக்கடி எடுக்க வேண்டிய கோப்பு என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் தமிழின் இயல்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘அம்பத்தூர்’ என்பதன் கடைசியில் புள்ளி. ‘அம்பத்தூரில்’, ‘அம்பத்தூருக்கு’ என்று வேற்றுமை சேர்ந்ததும் அந்தப் புள்ளி போய்விடுகிறது. தேடல் வெறுங்கையோடு திரும்புகிறது. ‘ஆவடி’க்கு இந்தக் கஷ்டம் இல்லை. ‘ஆவடியில்’ என்றாலும் ‘ஆவடி’ முழுசாக உள்ளே இருக்கும், ‘முழுச் சொல் மட்டும்’ என்ற கட்டத்தை நாமே டிக் செய்து கெடுக்காதவரை. எனவே சொல்லை முழுதாகத் தேடாதீர்கள். ‘அம்பத்’ என்று மட்டும் தேடினால் சரியான தூ, கால் ஒட்டிய துா, வேற்றுமை ஏறியவை எல்லாம் ஒரே வலையில் விழும். மாற்றுவதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்யுங்கள்.

எழுத்தைக் குறை சொல்வதற்கு முன் தேடல் பெட்டியைப் பாருங்கள். சற்றுமுன் தடித்த எழுத்தை மட்டும் தேடியிருந்தால் அந்த நிபந்தனை பெட்டிக்கடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ‘வைல்ட்கார்ட்’ டிக் விழுந்திருக்கலாம். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய பக்கங்களில் வரிக்கு வரி என்டர் இருக்கும். ‘அம்பத்தூர்’ ஒரு வரியிலும் ‘தொழிற்பேட்டை’ அடுத்த வரியிலும் நின்றால் சேர்த்துத் தேடிப் பயனில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இந்த மறைவுக் குறிகள் எல்லாம் வெளியே வரும்.

பூந்தமல்லிக்கு மட்டும் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. ஒரே ஊரைச் சிலர் பூந்தமல்லி என்பார்கள், சிலர் பூவிருந்தவல்லி என்பார்கள், பழைய தாள்களில் பூனமல்லி என்றும் இருக்கும். மூன்றையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.