வேப் ஊதும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்

பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். இடையிடையே வாந்தி, வயிற்றுவலி. டிங்கியாக இருக்குமோ என்று பதறி, வீட்டில் உள்ளவர்கள் கிளினிக்கிற்கு அழைத்துப் போகிறார்கள். மருந்து கொடுத்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை. புத்தகப் பையில் ஒளித்து வைத்திருக்கும் வேப்பைப் பற்றிப் பிள்ளை வாயே திறப்பதில்லை. சொன்னால் அப்பா அடிப்பார், பள்ளியில் நடவடிக்கை எடுப்பார்கள், போலீஸ் வரும் என்ற பயம்.

வேப்பினால் வரும் கடும் நுரையீரல் பாதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தால் நிமோனியா போலவே தெரியும். 'இவாலி' என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, கடந்த 90 நாளில் வேப் ஊதினாரா என்று கேட்டுத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

2019இல் அமெரிக்காவில் இந்த நோய் திடீரென்று பரவலாகத் தலைகாட்டியது. 2020 பிப்ரவரி வரை அங்குப் பதிவான சம்பவங்கள் 2,807. அவர்களில் 68 பேர் உயிரிழந்தனர். நோயாளிகளில் 15 விழுக்காட்டினர் 18 வயதுக்கும் குறைந்தவர்கள். பெரும்பாலோர் ஊதியது கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி கலந்த திரவம்.

51 நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்த நீரைச் சோதித்ததில், 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது. திரவத்தைக் கெட்டியாகக் காட்ட வியாபாரிகள் கலந்த எண்ணெய் அது. முகத்தில் பூசும் கிரீமிலும் சத்து மாத்திரையிலும் உள்ள பொருள்தான். விழுங்கினால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் காய்ந்த மிளகாயை எண்ணிப் பாருங்கள். குழம்பில் போட்டால் ருசி. அதையே சூடான சட்டியில் கருக விட்டால் வீடே இருமுகிறது. வயிறு தாங்குவதை நுரையீரலும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

டிஎச்சியை ஆய்வுக்கூடத்தில் மாற்றிச் செய்த டிஎச்சி-ஓ என்ற பொருளும் ஓர் அசிட்டேட்தான். 2022இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இந்த வகைப் பொருள்களைச் சூடாக்கிப் பார்த்தார்கள். கெட்டீன் என்ற நச்சு வாயு வெளியானது. முதல் உலகப் போரில் பயன்படுத்திய பாஸ்ஜீன் வாயுவைப் போல, இதுவும் நுரையீரலில் நீர் கோக்க வைக்கக்கூடியது. ஊதியவுடன் ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தும் பாதிப்பு தெரியலாம். 2019இல் நடந்ததற்குக் கெட்டீனும் ஒரு காரணமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. இருந்தாலும் அந்தப் புகையை இழுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மலேசியாவில் அதிகம் பேசப்படுவது இன்னொரு வகை, முழுக்க முழுக்கச் செயற்கையான கஞ்சா. 'மெஜிக் மஷ்ரூம்' போன்ற பெயர்களில் வரும் வேப் திரவங்களில் போலீஸ் இதைக் கண்டுபிடித்துள்ளது. பெயரில்தான் காளான், உள்ளே இருப்பது வேறு. இயற்கைக் கஞ்சாவைவிடப் பல மடங்கு வீரியமானது. வலிப்பு, மயக்கம் வருவதோடு நுரையீரலில் இரத்தம் கசிந்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இங்கிலாந்தில் 38 பள்ளிகளில் பறிமுதல் செய்த வேப்புகளை பாத் பல்கலைக்கழகம் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டது. ஆறில் ஒன்றில் இந்தச் செயற்கைக் கஞ்சா இருந்தது. சாதாரண வேப் என்று நினைத்தே சில மாணவர்கள் ஊதியிருக்கலாம்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேப் விற்க 2024 அக்டோபர் 1 முதல் இங்குத் தடை. டெலிகிராமில் விற்பவன் அடையாளக் கார்டு கேட்பதில்லை.

ஆகவே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, விடாத இருமல் இருந்தால் கிளினிக்கோடு நிற்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 95க்குக் கீழே காட்டினால் தாமதம் கூடாது. வேப், அதன் பொட், பாக்கெட் எது கிடைத்தாலும் கையோடு எடுத்துச் செல்லலாம். அப்பா பக்கத்தில் நின்றால் பிள்ளை பேசாது. சற்று வெளியே போய் நிற்பது நல்லது. டாக்டர் கேட்பது சிகிச்சைக்காக. ஆக்சிஜனோடு ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பலர் தேறியிருக்கிறார்கள்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. சிலருக்கு நோய் மறுபடி முற்றியதால், வீட்டுக்கு அனுப்பிய 48 மணி நேரத்துக்குள் மீண்டும் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.