புல்வெட்டும் மெஷினும் பத்துக் கால்விரலும்



தோட்டத்தில் ஆபத்தான வேலை எது என்று கேட்டால், செம்பனைக் குலை வெட்டுவது, மருந்து அடிப்பது, லாரியில் குலை ஏற்றுவது என்று வரிசையாகச் சொல்வீர்கள். பங்களாவுக்கு முன்னால் புல் வெட்டுகிறவரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "அவனுக்கென்ன, மெஷினைத் தள்ளிக்கிட்டு நிழல்ல நடக்கிறான்" என்பதுதான் பேச்சு. டிஸ்பென்சரியில் உட்கார்ந்து காயம் கட்டுகிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாராங் வெட்டு நேராக இருக்கும், தைத்தால் சேரும். புல்மெஷின் வெட்டிய கால்விரலில் தைக்கத் தோலே மிஞ்சாது. மண்ணும் புல்லும் சிலிப்பர் ரப்பரும் எலும்போடு கலந்து கிடக்கும்.

இந்த வேலை இன்று பங்களாவோடு நிற்கவுமில்லை. கெடாவில் ரப்பர் போய் செம்பனை வந்தது. சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் ஆட்கள் பலர் கண்ட்ராக்டரிடம் சேர்ந்து பள்ளித் திடல், தாமான் ஓரம், தொழிற்சாலை முன்புறம், கோல்ப் திடல் என்று புல் வெட்டுகிறார்கள். தோளில் மாட்டிக்கொள்ளும் மெஷின் ஒன்று, சக்கரம் வைத்துப் பின்னால் நடந்து தள்ளும் மெஷின் ஒன்று. தோள் மெஷினுக்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுத வேண்டும். இந்த மாதம் தள்ளும் மெஷினை மட்டும் பார்ப்போம்.

இந்த மெஷினுக்கு முன்னோடி பிறந்தது இங்கிலாந்தில். ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப் பக்கத்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-இல் உரிமம் பெற்றார். கம்பளித் துணியில் எழும்பி நிற்கும் நூலைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். அது உருளை மாதிரிச் சுற்றி, கத்தரிக்கோல் போல் வெட்டுவது. கோல்ப் திடலில் பச்சைக் கம்பளம் போல் தெரிகிற இடத்தை இன்றும் அந்த வகைதான் வெட்டுகிறது. நம் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் வேறு வகை. தகட்டுக் கூட்டுக்கு அடியில் ஒரே ஒரு கத்தி, காற்றாடி போல் படுக்கையாகச் சுற்றும். இதுதான் விரலைக் கேட்கும் மெஷின்.

கத்தியின் வேகத்தை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 அங்குலக் கத்தி, அதாவது ஏறக்குறைய 53 செண்டிமீட்டர். நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு செகண்டுக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு நுனி 1.67 மீட்டர் ஓடுகிறது. 50-ஆல் பெருக்கினால் செகண்டுக்கு 83 மீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டர்! வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கே 110-தான் அனுமதி. அந்தக் கத்தி நுனியில் ஒரு கல்லோ கம்பித் துண்டோ பட்டால் எந்த வேகத்தில் பறக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவர் காலை விடுங்கள், இருபது அடி தள்ளி லயத்து வாசலில் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கும் அது போகும்.

ஆகவே வேலை தொடங்குவது கயிறு இழுப்பதில் இல்லை, திடலை ஒரு சுற்று நடப்பதில். நம் இடங்களில் என்ன கிடக்கும் என்று வெளியூர்ப் புத்தகத்தில் எழுதியிருக்காது. பழைய ரப்பர் காடாக இருந்தால் பால் கோப்பையும், கோப்பையைத் தாங்கிய கம்பியும் புல்லுக்குள் இருக்கும். கோயில் திடலில் தேங்காய்ச் சிரட்டை. தீபாவளி கழிந்த வாரத்தில் எரிந்துபோன மத்தாப்புக் கம்பி. பள்ளி ஓரத்தில் பாட்டில் துண்டு. கையில் ஒரு கோணிச் சாக்கோடு போய்ப் பொறுக்கிவிடுங்கள். பத்து நிமிஷம் ஆகும். "நேரம் போகுது" என்று மண்டோர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிய பிறகுதான் மெஷின் ஓட வேண்டும்.

உடுப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நீளக் காற்சட்டை, இரும்பு முனை வைத்த சப்பாத்து, உடையாத கண்ணாடி. வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி கல்லைத் தாங்காது. ஜப்பான் சிலிப்பரோடு இந்த மெஷினுக்குப் பின்னால் நடப்பவரைப் பார்த்தால் எனக்கு அப்போதே பஞ்சும் கத்திரியும் எடுத்து வைக்கத் தோன்றும். ரப்பர் பூட்ஸ் சேற்றுக்கு நல்லது, கத்திக்கு முன்னால் அதுவும் காகிதம்தான். கழுத்தில் தொங்கும் துண்டு, தளர்ந்த கைலி இரண்டும் வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதிய மெஷின்களில் கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க ஒரு கம்பி இருக்கும். கையை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும், அல்லது கத்தி மட்டும் நிற்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் தள்ளு மெஷினுக்கு 1982 முதல் இது சட்டம்: கை எடுத்த மூன்று செகண்டுக்குள் கத்தி நின்றாக வேண்டும். விரலை இழந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்ததால்தான் அப்படி ஒரு சட்டம் வந்தது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சைக்கிள் டியூபை அறுத்து அந்தக் கம்பியைக் கைப்பிடியோடு இறுகக் கட்டிவிடுகிறார்கள். கை வலிக்குதாம். வலிக்கும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டிய மெஷின் நீங்கள் வழுக்கி விழுந்தாலும் நிற்காது. விழுகிறவனின் கால் முன்னால் நீளும். முன்னால் இருப்பது எது? கை வலித்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஓய்வெடுங்கள், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். டியூபைக் கட்டச் சொல்லி யாராவது உத்தரவு போட்டால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். பழைய மெஷினில் இந்தக் கம்பியே இருக்காது. எஞ்சினை அணைத்த பிறகும் கத்தி சுற்றிக்கொண்டிருக்கும், கண்ணால் பார்த்து நின்றது தெரிந்த பிறகே குனிய வேண்டும்.

சரிவான இடத்தில் எப்படி வெட்டுவது? தள்ளு மெஷினை மேட்டுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் கொண்டுபோங்கள். மேலும் கீழுமாகப் போனால், ஏறும்போது மெஷின் உங்கள் மேல் சரியும், இறங்கும்போது நீங்கள் அதன் மேல் சரிவீர்கள். உட்கார்ந்து ஓட்டும் மெஷினுக்கு இது நேர்மாறு, அதனால்தான் பலர் குழம்புகிறார்கள். நடக்கவே கால் பிடிக்காத மேட்டில் இந்த மெஷினே வேண்டாம். பின்பக்கமாக இழுத்து வெட்டாதீர்கள், விரல் போவதற்கு அது குறுக்கு வழி. மழை பெய்த காலையில் ஈரப் புல் வழுக்கும், அடியிலும் அடைக்கும்.

அந்த அடைப்புத்தான் கைவிரலுக்கு எமன். புல் வெளியே வரும் வாய் அடைத்துக்கொள்ளும், எஞ்சின் திணறி நின்றுவிடும். "அதான் நின்னு போச்சே" என்று கையை உள்ளே விடுவார்கள். நின்றுபோன எஞ்சின் செத்துப்போன எஞ்சின் அல்ல. கத்தியை நீங்கள் கையால் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து திரும்பும். உள்ளே பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்து பிளக் பொறி விட்டால் ஒரு வெடி வெடிக்கும். ஒரு சுற்றுப் போதும். ஆகவே கத்திப் பக்கம் கை போவதற்கு முன்னால் பிளக்கின் மேல் இருக்கும் ரப்பர் தொப்பியைப் பிடுங்கி, அது திரும்பப் பட்டுவிடாதபடி தள்ளி வையுங்கள். அதன் பிறகும் கை வேண்டாம், குச்சியால் குத்தித் தள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் மனதில் நிற்கும் என்றால் இந்தப் பிளக் தொப்பி வரி நிற்கட்டும்.

பராமரிப்பைப் போர்மனின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள், பாதி விபத்து அங்கிருந்துதான் கிளம்புகிறது. எஞ்சின் எண்ணெயைத் தினமும் சமதரையில் வைத்துப் பாருங்கள். சிறிய எஞ்சின்களுக்குப் பொதுவாக 50 முதல் 100 மணி நேர ஓட்டத்துக்குள் எண்ணெய் மாற்ற வேண்டும், அந்தந்த மெஷினின் புத்தகத்தில் உள்ளதே சரியான கணக்கு. காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் கறுப்புப் புகை வரும், இழுவை குறையும். அதைச் சுத்தம் செய்யாமல் சிலர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங்கை வளைத்து எஞ்சினை அதிகமாக ஓட விடுவார்கள். அது கத்தி தாங்கும் வேகத்தைத் தாண்டும். மெஷினைச் சாய்ப்பதாக இருந்தால் பெட்ரோலை வடித்துவிட்டு, காற்று வடிகட்டி மேலே இருக்கும்படி சாயுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் அதற்குள் இறங்கும்.

கத்தியைத் தீட்டியபின் நடு ஓட்டையில் ஒரு ஆணியைக் கொடுத்துச் சுவரில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் கூட, அதை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமம் இல்லாத கத்தி மெஷினை உதறும், அந்த உதறல் நாள் முழுக்க உங்கள் கைக்கு ஏறும். ராத்திரியில் விரல் மரத்துப்போகுது என்று என்னிடம் வருகிறவர்களை "என்ன மெஷின் தள்ளுறீங்க" என்றுதான் முதலில் கேட்பேன். வளைந்த கத்தியையும் விரிசல் விட்ட கத்தியையும் தட்டி நிமிர்த்தாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். தூக்கிப் போடுங்கள். கத்தி ஒன்று வாங்க நிர்வாகம் யோசித்தால், ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்து யோசிக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலை எஞ்சின் ஆறிய பிறகு, வெளியில் வைத்து ஊற்றுங்கள். சூடான புகைக்குழாயில் சிந்தினால் பிடித்துக்கொள்ளும். ஸ்டோருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினை ஓட்டிப் பார்ப்பது தற்கொலை மாதிரி. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சத்தத்தையும் சும்மா விடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு விதிப்படி நாள் முழுதுக்குமான சத்த அளவு 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. பக்கத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் காதடைப்பான் கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு காயம் பட்டுவிட்டால்? சுத்தமான துணியை மடித்து வைத்து பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள் அப்பாதீர்கள், புகையிலையும் வேண்டாம். அதைக் கழுவி எடுக்கவே எனக்கு அரை மணி ஆகும், உங்களுக்கு உயிர் போகும். கம்பியோ கண்ணாடியோ ஆழக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். கண்ணில் குத்தியிருந்தால் தேய்க்காமல், தண்ணீர் ஊற்றாமல், காகிதக் கோப்பையைக் கண்ணில் அழுத்தாதபடி கவிழ்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் கெட்டுவிடும். ஆளுக்குக் காப்பி, தேத்தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். புகைக்குழாய் சுட்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

சின்னக் காயம்தானே என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் பட்ட காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் டெட்டனஸ் ஊசி வேண்டும். கெடாக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய், அதன் கிருமி நம் வயல் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை 145 நோயாளிகளைக் கணக்கெடுத்து மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இனிப்புநீர்க்காரர்கள், மூன்றில் ஒருவர் இறந்துபோனார். ஆகவே இனிப்புநீர் உள்ளவர் காலில் வெட்டுப் பட்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ சீழ்க்கட்டியோ வந்தால், "புல் வெட்டும்போது காயம் பட்டுச்சு" என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

காசு விஷயமும் உண்டு. 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்துக்காகக் கொடுக்கும் பாதுகாப்புச் சாமான்களுக்கு முதலாளி உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. சப்பாத்துக்கும் கண்ணாடிக்கும் பிடித்திருந்தால் சம்பளச் சீட்டைக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். வேலையில் காயம் பட்டால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 கிடைக்கும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் வேலை செய்கிற வங்காளத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். கண்ட்ராக்டரிடம் நாள் கூலிக்குப் போகிறவர்கள் விரல் போவதற்கு முன்னால், இந்த மாதமே, சொக்சோ அலுவலகத்தில் அடையாளக் கார்டைக் காட்டி உங்கள் பேரில் சந்தா கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சொந்த மெஷின் வைத்து வீடு வீடாக வெட்டுகிறவர்கள் 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தாங்களே கட்டிச் சேரும் வழியையும் அதே கவுண்டரில் விசாரியுங்கள்.