வெறுங்கை வீரன் ரொம் சேயர்ஸ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து தேசத்திலே ஒரு விந்தையான நிலை நிலவிற்று. கையுறையின்றிப் பந்தயப் பணத்துக்காக நிகழ்த்தப்பெறும் குத்துச்சண்டை அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. அதிற் பொருதுவோர் பொது அமைதியைக் குலைத்தவராகக் கருதப்பட்டுச் சிறைப்படவுங் கூடும். ஆயினும் கூலியாளர் முதலாகப் பிரபுக்கள் ஈறாகப் பல திறத்தாரும் பணங்கொடுத்து அதனைக் காணச் சென்றனர். இங்ஙனம் ஒருங்கே விலக்கவும் விரும்பவும் பட்ட ஒரு விளையாட்டின் இயல்பை அறிதற்கு ரொம் சேயர்ஸ் என்பானின் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும்.

அவன் வாழ்வை நோக்குமுன் அச்சண்டையின் விதிகளைச் சிறிது அறிதல் வேண்டும். 1838 ஆம் ஆண்டில் இலண்டன் பரிசுக்கள விதிகள் வகுக்கப்பட்டன. இருபத்துநான்கு அடிச் சதுரமான புற்றரையைச் சுற்றிக் கயிறு கட்டப்படும். நடுவிலே ஒரு கோடு கீறப்படும். விழுந்தவனை அடித்தலும், தலையால் மோதுதலும், இடைக்குக் கீழே குத்துதலும் விலக்கப்பட்டன; இடைக்கு மேலே பற்றி எதிரியை வீழ்த்துதல் மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஒருவன் விழும்போதே ஒரு சுற்று முடியும். ஆதலால் ஒரு சுற்றுச் சில விநாடியில் முடியலாம். பல நிமிடம் நீளவுஞ் செய்யலாம். விழுந்தவனுக்கு முப்பது விநாடி ஓய்வு உண்டு. அதன்பின் எட்டு விநாடிக்குள் அவன் பிறர் துணையின்றி நடுக்கோட்டை வந்து சேர்தல் வேண்டும், சேராதவன் தோற்றவனாவான். தகுதிக்கு எட்டுதல் என்னும் பொருளில் ஆங்கிலர் இன்றும் வழங்கும் ‘கீற்றுக்கு வருதல்’ என்ற தொடரிலே அக்கோட்டின் நினைவு உறைந்து கிடக்கின்றது.

இவ்விதிகளில் ஒரு பெருங்குறை இருந்தது. இத்துணைச் சுற்று என்ற வரையறை இல்லை. நேர எல்லை இல்லை. புள்ளியிட்டு வெற்றியாளனைத் தெரியும் முறையும் இல்லை. உடல்நிறைக்கேற்ப வீரரைப் பிரித்து வகுக்கும் வழக்கும் இவற்றில் இடம்பெறவில்லை. எனவே ஒருவன் முற்றாகச் சோரும்வரை, அன்றி அவன் துணைவர் தோல்வியை ஒப்பும்வரை, சண்டை நடந்துகொண்டே இருக்கும். சேயர்ஸ் என்பானின் புகழும் துன்பமும் இக்குறையினின்றே தோன்றின.

சேயர்ஸ் 1826 ஆம் ஆண்டு மே மாதத்திலே பிறைற்றன் நகரிலே வறியோர் வாழ்ந்த ஒரு சேரியிற் பிறந்தான். தந்தை செருப்புத் தைக்குந் தொழிலினர். மகன் செங்கல் அடுக்குங் கொத்தனாகி, பின்னர் வேலை நாடி இலண்டன் சேர்ந்தான். அந்நாளிலே இலண்டனிற் புகைவண்டிப் பாதைகளும் கட்டடங்களும் விரைந்து பெருகின. கைத்தொழில் வல்லார்க்கு வேலை கிடைத்தது. எனினும் ஒரு சண்டையில் வென்றால் வரும் பணம் கொத்தனின் கூலியினும் பன்மடங்கு பெரிது. 1849 இல் அவன் பரிசுக்களத்துட் புகுந்தான். உயரம் ஏறக்குறைய ஐந்தடி எட்டரை அங்குலம். நிறை சுமார் 150 இறாத்தல். தன்னிலும் பெரியாரையே அவன் பெரும்பாலும் எதிர்த்தான். 1860 வரை பொருத பதினாறு சண்டைகளுள் ஒன்றிலேயே தோல்வி கண்டான்.

அத்தோல்வி 1853 ஒக்ரோபரில் நற் லாங்கம் என்பவனால் நேர்ந்தது. லாங்கம் இடக்கையால் இடைவிடாது சேயர்ஸின் கண்களையே குறிவைத்தான். அறுபத்தொரு சுற்றின் முடிவிலே வீக்கத்தால் இரு கண்களும் மூடுண்டு சேயர்ஸ் பார்வையிழந்து நின்றான். இப்பாடத்தை அவன் மறந்தானல்லன். 1857 யூன் 16 இல் வில்லியம் பெரி என்னும் பேருருவினனை எதிர்த்தபோது, அவன் அடிக்கு எட்டாது விலகி விலகி அவனை இளைக்கச் செய்து, பத்தாவது சுற்றில் வென்று இங்கிலாந்தின் முதல்வீரன் ஆயினான். வலிமையை நுட்பம் வெல்லும் என்பதற்கு அச்சண்டை எடுத்துக்காட்டாயிற்று.

1860 இல் அமெரிக்க வீரனாகிய யோன் ஹீனன் கடல் கடந்து வந்தான். அவன் சேயர்ஸிலும் ஐந்து அங்குலம் உயர்ந்தவன்; நாற்பது இறாத்தலளவு நிறை மிக்கவன்; எட்டு ஆண்டு இளையவன். இரு நாட்டுப் பத்திரிகைகளும் இதனைத் தத்தம் நாட்டின் மானப்போராகவே எழுதின. பொலிசார் தடுப்பர் என்பதால் இடம் மறைக்கப்பட்டது. ஏப்பிரில் 17 ஆந் திகதி விடியுமுன் இலண்டனிலிருந்து சிறப்புப் புகைவண்டிகள் புறப்பட்டன. பயணச்சீட்டிலே சேருமிடம் குறிக்கப்படவில்லை. ஹம்சயர் மாகாணத்து பாண்பறோ என்னும் ஊரின் புறத்தே களம் அமைந்தது.

தொடக்கச் சுற்றுக்களிலேயே ஹீனனின் குத்தைத் தடுத்த சேயர்ஸின் வலக்கை காயமுற்றுப் பயனற்றுப் போயிற்று. அதன்பின் இரண்டு மணித்தியாலம்வரை அவன் இடக்கை ஒன்றையே கொண்டு பொருதான். பலமுறை தரையில் வீழ்த்தப்பட்டான். ஒவ்வொரு முறையும் நடுக்கோட்டுக்கு மீண்டு வந்தான். முன்பு லாங்கம் தன்னை வீழ்த்திய முறையையே இப்போது தான் கையாண்டு, ஹீனனின் கண்களை மூடச் செய்தான். ஈற்றில் ஹீனன் அவன் கழுத்தைக் கயிற்றின்மேல் வைத்து நெரித்தபோது கயிறுகள் அறுக்கப்பட்டன, சனங்கள் களத்துட் பாய்ந்தனர், பொலிசாரும் நெருங்கினர். குழப்பத்திடையே மேலும் சில சுற்று நடந்து, சண்டை வெற்றிதோல்வியின்றி முடிந்தது. பின்னர் இருவர்க்கும் ஒவ்வொரு பட்டிகை வழங்கப்பட்டது.

இதன்பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. சேயர்ஸுக்கென மக்கள் சுமார் மூவாயிரம் பவுண் திரட்டினர். பாராளுமன்ற உறுப்பினர் சிலரும் கொடுத்தனர். ஆனால் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது: அவன் இனி ஒருபோதும் களம் புகலாகாது. வீரத்தை மெச்சியவரே அவ்வீரத்தை மீண்டுங் காண அஞ்சினர் போலும்! விதிகள் தர மறுத்த நிறுத்தத்தை நிபந்தனை தந்தது. ஆயின் அது காலந்தாழ்ந்து வந்தது. தொழிலிழந்த சேயர்ஸ் சர்க்கஸ் ஒன்றிற் பொருளிட்டு இழந்தான், குடியால் நலிந்தான், நீரிழிவும் காசநோயும் பற்றின. 1865 நவம்பர் 8 இல், முப்பத்தொன்பதாம் வயதில், மாண்டான். ஹைகேற் இடுகாட்டுக்குச் சென்ற இறுதி ஊர்வலத்தை எண்ணிறந்தோர் சூழ்ந்தனர். அவன் வளர்த்த ‘லயன்’ என்னும் நாய் தனி வண்டியில் ஏறி முதன்மைத் துக்கங்காப்பவராய்ச் சென்றது. அதன் கல்லுருவம் இன்றும் அவன் கல்லறைமுன் படுத்திருக்கின்றது.

அவன் இறந்து ஈராண்டில், 1867 இல், குயீன்ஸ்பெரி விதிகள் வெளிவந்தன. கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் எழப் பத்து விநாடி என்பன வகுக்கப்பட்டன. மற்போர்ப் பிடிகள் நீக்கப்பட்டன. 1882 இல் ஆங்கில நீதிமன்றம், பொருதுவோர் இருவரும் உடன்படினும் பரிசுச் சண்டை தாக்குதற் குற்றமே எனத் தீர்த்தது. ஒருவனது இசைவு அவனுக்கு இழைக்கப்படுந் தீங்கை நீதியாக்காது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

சேயர்ஸ் அஞ்சாநெஞ்சினன் என்பதில் ஐயமில்லை. ஒடுங்கிய கையோடு நடுக்கோட்டுக்கு மீண்டும் மீண்டும் வந்தவனை எவரும் போற்றுவர். எனினும் அவனை அங்ஙனம் வரச்செய்த ஒழுங்கை நாம் போற்றுதல் இயலாது. வீரன் தானே நிறுத்தான். நிறுத்துதல் அவன் இயல்பன்று. நிறுத்தவேண்டிய பொறுப்பு விதி செய்வோரையும் பார்த்து நிற்போரையுஞ் சார்ந்தது. விளையாட்டுக்களை நடத்துவோரும் மாணவரைக் களத்திற்கு அனுப்பும் ஆசிரியரும் இவ்வுண்மையை உளங்கொளல் வேண்டும்.