“மனசுல இருக்கிறதை அப்படியே சொன்னாரே!” - குறி பலிப்பது எப்படி?

“நீங்க அடுத்தவங்களுக்கு ஓடி ஓடி உதவுறவங்க. ஆனா, உங்களுக்கு ஒண்ணுன்னா யாரும் வர மாட்டாங்க. கையில காசு வருது, தங்க மாட்டேங்குது. வெளியில சிரிச்சாலும் உள்ளுக்குள்ள ஒரு குறை ஓடிக்கிட்டே இருக்கு. பக்கத்துல இருக்கிற ஒருத்தரே உங்களைப் பார்த்து வயிறெரியறாங்க.”

‘அட, எனக்குன்னே சொன்ன மாதிரி இருக்கே’ என்று தோன்றுகிறதா? உங்களுக்கு மட்டுமல்ல, இதைப் படிக்கும் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இதில் பெயர் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை. அவற்றையெல்லாம் நிரப்பிக்கொண்டது உங்கள் மனசு.

39 மாணவர்கள், ஒரே பலன்

1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து, ‘இது உங்களுக்கான தனி அறிக்கை’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளை அவர் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

20 கேள்வி போதும்

‘பொதுவா சொன்னா சரி. எங்கப்பா பெயரையே சொன்னாரே, அது எப்படி?’ என்று கேட்பீர்கள். வைத்தீஸ்வரன்கோவில் நாடி ஜோதிடத்தை எடுத்துக்கொள்வோம். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை பெருவிரல் ரேகை வாங்குவார்கள். பிறகு ஓலைகளை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, நீங்கள் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று மட்டும் சொல்ல வேண்டும். பொருந்தாத ஓலையை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு பதிலும் சாத்தியங்களைப் பாதியாகக் குறைத்தால், 20 கேள்வியில் 10,48,576 பேரில் ஒருவரைத் தனியாகப் பிரித்துவிடலாம். அதாவது, ஓலையில் ஒன்றுமே எழுதாமல் இருந்தாலும், இதே முறையில் கேட்டால் உங்கள் தகவல் வந்துவிடும். வெளியே வந்ததும் 30 ‘இல்லை’ மறந்துபோகும். கடைசியில் வந்த ‘ஆமாம்’ மட்டும் நினைவில் நிற்கும்.

சிலர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பதும் உண்டு. பீட்டர் பாபாஃப் என்ற அமெரிக்க மதப் போதகர் மேடையில் பக்தர்களின் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவந்தார். 1986-ல் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ரேண்டி குழு அதன் ரகசியத்தை உடைத்தது. பக்தர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளைப் பார்த்து அவருடைய மனைவி ரேடியோவில் பேச, காதில் இருந்த கருவியில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்த ரேடியோகூட வேண்டாம். உங்கள் இன்ஸ்டா பக்கமே போதும்.

‘கனவுல வந்தார்... மறுநாள் போயிட்டார்’

இது பல வீடுகளில் நடந்திருக்கும், பொய்யும் இல்லை. ஒரு ராத்திரி கண்ட கனவு மறுநாள் தற்செயலாகப் பலிக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அப்படியானால் தினமும் சுமார் 720 பேருக்கு கனவு ‘பலிக்கும்’. அவர்கள் அதை ஆயுசுக்கும் சொல்வார்கள். பலிக்காத மற்ற கனவுகள் பல் தேய்க்கும்போதே மறந்துபோகும்.

பேய் அமுக்குவது ஏன்?

ராத்திரி விழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி பாரம், ஓரத்தில் கறுப்பாக ஒரு உருவம். இதற்கு மருத்துவத்தில் ‘ஸ்லீப் பாராலிசிஸ்’ என்று பெயர். சுமார் 100 பேரில் 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடல் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பிடி விடுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், கனவும் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கம் குறைந்தாலோ, நைட் ஷிஃப்ட் மாறி மாறி வந்தாலோ, மல்லாந்து படுத்தாலோ இது வர வாய்ப்பு அதிகம். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தானாக விட்டுவிடும். அடிக்கடி வந்தால், பகலிலும் அடக்க முடியாத தூக்கம் இருந்தால், டாக்டரைப் பாருங்கள்.

அந்தப் பயம் நூற்றுக்கு நூறு நிஜம். கேள்வி, அதற்கு நாம் சொல்லும் காரணம் சரியா என்பதுதான்.

யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

கேரளாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963-ல் ஒரு சவால் விட்டார். மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது போன்ற ஏதாவது ஒன்றை, ஏமாற்று இல்லாமல் செய்துகாட்டினால் 1 லட்சம் இலங்கை ரூபாய் பரிசு. 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வாங்கவில்லை. ஜேம்ஸ் ரேண்டி 10 லட்சம் டாலர் அறிவித்தார். ஆயிரம் பேருக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். முதல்கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டாத நிலையில், 2015-ல் அந்தச் சவால் முடித்துக்கொள்ளப்பட்டது.

‘நம்பினா என்ன போச்சு?’

ஆறுதலுக்காக குறி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் பெரிதாக ஒன்றும் போகாது. ஆனால், சில இடங்களில் போயிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்தார்கள். ‘பேய் பிடிச்சிருக்கு’, ‘செய்வினை’ என்று சொல்லி, மருந்தில் கட்டுப்படக்கூடிய நோயோடு பலர் கூட்டிவரப்பட்ட ஊர் அது.

எனவே, அடுத்த முறை யாராவது உங்கள் மனசைப் படித்தால், இவற்றைச் செய்து பாருங்கள்:

● முகத்தில் எதையும் காட்டாமல், பதில் சொல்லாமல் உட்காருங்கள். அவர் சொன்னதில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று இரண்டையும் எழுதுங்கள்.

● ‘தோஷம் இருக்கு, பரிகாரத்துக்கு ஜிபே பண்ணுங்க’ என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

● மந்திரம், தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடை செய்கிறது. அப்படி விளம்பரம் கொடுப்பவர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

● வீட்டில் யாருக்காவது குரல் கேட்கிறது, உருவம் தெரிகிறது என்றால் திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது உங்கள் விருப்பம். ஆனால், மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் எண் 14416: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.