வாக்கரா, நடைவண்டியா?

குழந்தை தவழத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்து சேரும் பரிசுகளில் வாக்கர் தவறாமல் இருக்கும். வட்டமான பிளாஸ்டிக் சட்டம், அடியில் உருளைகள், நடுவில் துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் தட்டு. கனடாவில் இதை விற்பது குற்றம். விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் 2004 ஏப்ரலில் அந்நாடு தடை செய்துவிட்டது.

காரணம் விபத்துகள். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதம் நிரம்பாத 2,30,000-க்கும் அதிகமான குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள் என்று 2018-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழ் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு அடி தலையிலோ கழுத்திலோதான். முக்கால்வாசிப் பேர் படிக்கட்டில் உருண்டவர்கள். ‘பக்கத்திலேயேதானே இருந்தேன்’ என்று பதறும் தாய் பொய் சொல்லவில்லை. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் பாய்ந்துவிடும். நாம் எழுந்திருக்கவே அதற்கு மேல் ஆகும்.

மாடிப்படி இல்லாத வீடு என்று நிம்மதி கொள்வதற்கில்லை. நிலைப்படியில் உருளை இடறினாலே வண்டி குப்புறக் கவிழும். தவழும் குழந்தைக்கு எட்டாத டீ டம்ளர், அயர்ன் பாக்ஸ் ஒயர், வெந்நீர் வாளி எல்லாம் வாக்கரில் ஏறியதும் கைக்கெட்டும்.

சரி, நடக்கவாவது கற்றுத்தருகிறதா? வாக்கரில் இருக்கும் குழந்தையின் பாதத்தைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் குதிகால் தரையில் பதிந்திருக்காது. விரல் நுனியால் எத்தித் தள்ளும். உடம்பின் பாரத்தைத் துணி இருக்கை தாங்கிக்கொள்வதால் இடுப்புக்கும் தொடைக்கும் வேலை குறைவு. தட்டு மறைப்பதால் தன் கால் எங்கே போகிறது என்பதே அதற்குத் தெரியாது. 190 குழந்தைகளைக் கவனித்த அயர்லாந்து ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. வாக்கரில் கழிந்த நேரம் 24 மணி சேரும்போதெல்லாம், தனியாக நடப்பது சராசரியாக 3.3 நாள் தள்ளிப்போனதாக அது கண்டது. தினம் அரைமணி உட்காரவைத்தால் 48 நாளில் 24 மணி சேர்ந்துவிடும்.

நடை பழக வேண்டிய இடம் தரைதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர், ஒன்று முதல் ஒன்றரை வயதைச் சற்றே தாண்டிய குழந்தைகள் விளையாடும்போது காலடிகளை எண்ணினார்கள். மணிக்குச் சராசரியாக 2,368 அடி, 17 விழுதல். விழுந்து எழும்போதுதான் உடம்பு சமநிலையைக் கற்கிறது. அவசரமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி எட்டு மாதத்துக்குச் சற்றுப் பிறகு தொடங்கி பதினேழரை மாதம் வரை எப்போது தனியாக நடந்தாலும் இயல்புதான்.

வண்டி வாங்கியே தீர வேண்டுமென்றால் நம் நடைவண்டிக்கே என் ஓட்டு. அதில் குழந்தை உட்காராது. பின்னால் நின்று, தன் பாரத்தைத் தானே தாங்கி, பாதம் பதித்துத் தள்ளும். ஆனால், பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நிற்கும் குழந்தைக்குத்தான் அதைத் தரவேண்டும். கடையில் கைப்பிடியை உங்கள் கையால் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் தூக்கினால் வாங்காதீர்கள். எழுந்து நிற்கும் குழந்தை அப்படித்தான் அழுத்தும். மரத்தில் சிலாம்பு, துருத்திய ஆணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் தள்ளுவண்டியானால் ஐஎஸ்ஐ முத்திரை அவசியம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

ஒரு சிக்கல் உண்டு. மண் தரைக்கும் சொரசொரப்பான சிமெண்ட் தரைக்கும் செய்த வண்டி டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் சில வாரங்கள் ஜமக்காளத்தை விரித்து, அதன்மேல் தள்ளவிடுங்கள். வெறுங்காலே நல்லது, சாக்ஸ் வழுக்கும். படிக்கட்டு, பால்கனிப் பக்கம் கதவை அடைத்துவிட்டு, கூடவே இருங்கள்.

பரணில் பழைய வாக்கர் இருந்தால் அக்கம்பக்கத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உருளைகளைக் கழற்றிவிட்டுக் காயலான் கடையில் போடுங்கள்.