சேற்றில் பிறக்கும் கேள்விகள்

பழவேற்காடு ஏரியில் இருளர் பழங்குடிப் பெண்கள் பலர் வலையில்லாமலே இறால் பிடிப்பார்கள். நீரில் குனிந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பற்றி, பல்லால் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. ஏரியோ ஒரு நிலையில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் உப்பு குறைந்துபோகும். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடலைவிடக் கரிக்கும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அந்த முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே வந்து வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்புகின்றன. எந்தப் பருவத்தில் எந்தச் சேற்றில் இறால் பதுங்கும் என்பது தாயிடமிருந்து மகளுக்குப் போகும் அறிவு.

அது ஆய்வுக் கேள்வியாக வேண்டுமானால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பேராசிரியர்களாக வேண்டும். அமெரிக்காவில் 1977 முதல் 2015 வரை முனைவர் பட்டம் பெற்ற சுமார் 12 லட்சம் பேரின் ஆய்வுகளை அலசிய ஒரு குழு, 2020இல் முடிவுகளை வெளியிட்டது. துறையில் எண்ணிக்கை குறைந்த சமூகத்தவரே கருத்துகளைப் புதிதாக இணைப்பதில் முந்தியிருந்தார்கள். ஆனால் அந்தப் புதுமையைப் பிறர் எடுத்தாண்டது குறைவு. அது அவர்களுக்குப் பேராசிரியர் பதவியாகக் கனிந்ததும் குறைவு.

பேராசிரியராகும் பாதை அறுபடும் இடம் இளங்கலைதான். வறிய வீட்டு மாணவர் கோடை விடுமுறையில் கூலிக்குப் போவார். ஆய்வகத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். எண்ணிக்கை குறைந்த சமூகத்தவரைப் பேராசிரியராக்க அமெரிக்காவின் மெலன் அறக்கட்டளை 1988இல் ஒரு திட்டம் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசான் பெஞ்சமின் மேஸின் பெயரை 2003 முதல் அது தாங்கி நிற்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவரைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டப் பேராசிரியர் ஒருவர், கைச்செலவுக்குப் பணம், கோடையில் ஆய்வு என்று கொடுக்கிறார்கள். முனைவர் படிப்புக்குப் போனால் கல்விக் கடனிலும் ஒரு பங்கை அடைக்கிறார்கள்.

நம் நாட்டில் பழங்குடியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை முனைவர் படிப்புக் கட்டத்தில்தான் கைக்கு வருகிறது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டிருப்பார்கள்! இளங்கலையிலேயே கிடைக்கும் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கானது. அருமையான அமைப்பு. ஆனால் அதன் முக்கிய வாசல், பிளஸ் டூ தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வருவது.

பழவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே, பொன்னேரியில், மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனவர், இருளர் வீட்டு மாணவர்கள் பத்துப் பேருக்கு இதே தொகையைக் கொடுத்து, சொந்த ஏரியையே கோடை ஆய்வுக் களமாக்கினால் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஆகும்.